ஐந்து நோய்க் கூட்டுத் தடுப்பூசி

ஒரே ஊசியில் ஐந்து நோய்களுக்கு எதிரான மருந்தைக் கொண்டது ஐந்து நோய்க் கூட்டுத் தடுப்பூசி (பென்டாவேலன்ட்) ஆகும். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியா, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றை இது தடுக்கிறது. இந்தியாவில் 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளாவும் இதை முதலில் அறிமுகப்படுத்தின.

அட்டவணை

குழந்தைக்கு 6, 10, 14 ஆவது வாரங்களில் தொடையில் 0.5 மில்லி போடப்படுகிறது. ஐந்துக்கும் தனித்தனியே போட்டால் முத்தடுப்பு, ஹெபடைடிஸ் பி, ஹிப் என மூன்று தவணைகளுக்கு ஒன்பது ஊசிகள் வேண்டும். இதில் மூன்றே போதும்.

ஐந்தும் சேர்ந்தால் தாங்குமா?

பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது. இத்தடுப்பூசியில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. செயலிழக்கச் செய்த நச்சு, கொல்லப்பட்ட கிருமி, கிருமியின் சிறு பகுதிகள் ஆகியவையே உள்ளன. எனவே இதனால் அந்த நோய்கள் வராது. பிறந்த நாள் முதல் எண்ணற்ற கிருமிகளைச் சந்திக்கும் குழந்தையின் உடலுக்கு இது பெருஞ்சுமை அன்று.

பக்க விளைவுகள்

காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம் ஆகியவை ஓரிரு நாளில் தணியும். காய்ச்சலுக்கு மருத்துவர் அல்லது செவிலியர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். கடும் ஒவ்வாமை மிக அரிது. எனினும் ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்க வேண்டும். வலிப்பு, மூச்சுத்திணறல், நிற்காத அழுகை இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இலங்கை அனுபவம்

இலங்கையில் 2008 ஜனவரியில் தொடங்கிய இத்தடுப்பூசி, சில குழந்தைகளின் இறப்புக்குப் பின் ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆராய்ந்து, தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது. அக்குழு ஆராய்ந்த முறை பற்றி மருத்துவர்களிடையே விவாதமும் எழுந்தது. 2010இல் தடுப்பூசி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. கைக்குழந்தைப் பருவத்தில் வேறு காரணங்களாலும் இறப்புகள் நேர்வதால், ஊசிக்குப் பின் நிகழ்ந்தது ஊசியால்தான் நிகழ்ந்ததா என்பதை ஒவ்வொரு முறையும் விசாரித்தே அறிய வேண்டும்.

தவணை தவறினால்

ஒரு தவணை மட்டும் முழுப் பாதுகாப்புத் தராது. நாள் தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கக்குவான் இருமல் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கே அதிக ஆபத்தானது என்பதால், ஆறாவது வாரத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பதே நல்லது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உள்ளிட்ட ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசமாகப் போடப்படுகிறது. தடுப்பூசி அட்டையைத் தவறாமல் கொண்டு செல்ல வேண்டும்.