இந்த வாரம் என்ன கத்துக்கிட்டே?

போன வாரம் ஆபீஸில் புதிதாக என்ன கற்றுக்கொண்டீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள். மானேஜர் மூட் சரியில்லாதபோது லீவு கேட்கக் கூடாது என்பதெல்லாம் கணக்கில் வராது. அது போன வருஷமே தெரியும்!

இப்போது கொடைக்கானல் மலையில் ஒண்ணாங்கிளாஸ் படிக்கும் வாண்டுவைப் பாருங்கள். நான் பி.காம். படித்தவன். எதையும் லெட்ஜரில் எழுதிப் பார்க்கிற வியாதி உண்டு. மலைக் கிராமத்தில் வாத்தியாராக இருக்கும் நண்பனைக் குடைந்து குடைந்து, அந்த வாண்டுவின் ஒரு வார வரவை எழுதிப் பார்த்தேன்.

திங்கள்: காலை டிபன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மலை மேலும் ஏறிவிட்டது. தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவனைத் தள்ளக் கூடாது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கும் நமக்கு இன்னும் வராத பாடம் இது.

செவ்வாய்: எழுத்து. இங்கிலீஷ்காரன் 26-லேயே கடையைக் கட்டிவிட்டான். நமக்கோ 247! ஆனால் நண்பன் மொத்த மூட்டையையும் ஒரே நாளில் இறக்குவதில்லை. ட, ப, ம... மூன்றே மூன்று. மேலே புள்ளி வைக்கத் தெரிந்தால் போதும். படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு வார்த்தை கைக்கு வந்துவிடும். எந்த பாங்க் தரும் இந்த வட்டி?

புதன்: கணக்கு. பத்துக் குச்சியை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டினால் ஒரு பத்து. இருபது, முப்பது என்று எண்பது வரை வண்டி ஒழுங்காக ஓடுகிறது. அடுத்தது தொண்ணூறு. "நூறே இன்னும் வரல்லியே, அதுக்குள்ள பேர்ல எப்படி சார் நூறு வந்துச்சு?" என்று ஒரு பொடியன் கேட்டானாம். நண்பன் பெல் அடிக்கும்வரை பொறுத்திருந்தான். நல்லவேளை, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருப்பது பொடியனுக்கு இன்னும் தெரியாது.

வியாழன்: சூழ்நிலையியல். இதில் வாத்தியார்தான் மாணவர். காட்டெருமை எதிரே வந்தால் எப்படி ஒதுங்குவது, எந்த மேகம் மழை, எது வெறும் மூட்டம் என்று வாண்டுகள் பாடம் எடுக்கின்றன. ஆனால் ஒண்ணாங்கிளாஸில் யாரும் குறிஞ்சி பூத்து மலை நீலமானதைப் பார்த்ததில்லை. கடைசியாகப் பூத்தது 2018-ல். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்றால் அடுத்தது எப்போது? அதே அறையில் உட்கார்ந்திருக்கும் மூணாங்கிளாஸ் அக்கா விரலை மடக்கிச் சொல்கிறாள்: "2030 சார்!"

ஒண்ணும் மூணும் ஒரே அறையிலா என்று கேட்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து!

அதனால் வெள்ளிக்கிழமை நண்பன் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்க்கிறான். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் படிக்குப் பெயர் அரும்பு, மொட்டு, மலர். 'மக்கு' என்று ஒரு படி கிடையாது.

இனி செலவுப் பக்கம். சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு வருஷத்துக்கு 200 நாள், 800 மணி நேரம். ஐந்து நாள் வாரம் என்றால் 20 மணி நேரம்தான். முதல் மூன்று வகுப்புக்கும் சேர்த்து 120 வாரம்.

இதில் காப்பி பறிக்கும் சமயத்தில் அப்பா அம்மாவோடு தோட்டத்துக்குப் போனால் ஒரு வாரம் காலி. மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் இன்னொன்று. ஆபீஸ் ஃபைல் என்றால் மேஜையிலேயே காத்திருக்கும். 'ப' நடந்த வாரம் வராத பிள்ளைக்கு அப்புறம் படமும் இல்லை, பட்டமும் இல்லை. நாலாங்கிளாஸில் இவனுக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பித்தான் எல்லாப் பாடமும் நடக்கும். அவன் கூட்டத்தோடு வாயை மட்டும் அசைத்து ஒப்பேற்றுவான். நாம் 'படிப்பு ஏறல்லே' என்று சொல்லிவிடுவோம். உண்மையில் அது இரண்டு வாரப் பாக்கி!

2020-ல் கொரோனா பூட்டியபோது இந்தப் பாக்கி எல்லாப் பிள்ளைகள் தலையிலும் விழுந்தது. அதை அடைக்கத்தான் 2021-ல் இல்லம் தேடிக் கல்வியும், 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தன. வட்டி குட்டி போடுவதற்குள் கட்டிவிட வேண்டிய கடன் அது.

ஆகவே, அடுத்த முறை அக்கா பிள்ளையைப் பார்த்தால் 'எத்தனாவது ரேங்க்?' என்று மிரட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்த வாரம் என்ன கத்துக்கிட்டே?' என்று கேளுங்கள். எந்த வாரம் விட்டுப்போச்சு என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

"நீங்க என்ன மாமா கத்துக்கிட்டீங்க?" என்று அது திருப்பிக் கேட்டால்?

பெல் அடிக்கும்வரை பொறுத்திருங்கள்!