ஏர் பிடித்த போதகர்

நார்வே நாடு டென்மார்க் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலம். 1796 ஏப்ரல் 5ஆம் நாள், ஹான்ஸ் நீல்சன் ஹௌகே என்னும் 25 வயது உழவர் மகன், தந்தையின் நிலத்தை உழுதுகொண்டிருக்கையில் இறையருள் தம்மை ஆட்கொண்டதாக உணர்ந்தார்.

அவர் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் நாடெங்கும் கால்நடையாகச் சென்று, வீடுகளில் மக்களைக் கூட்டிப் போதித்தார். வழிநடையிலும் அவர் கைகள் கம்பளி நூல் கொண்டு பின்னிக்கொண்டே இருக்குமாம். உழைப்பைச் சமயக் கடமையாகவே கருதிய அவர், அன்பர்களுடன் சேர்ந்து காகித ஆலை முதலிய தொழில்களையும் நிறுவினார். இவ்வாறு ஓர் இயக்கம் வளர்ந்தது.

குருவின் இசைவின்றிச் சமயக் கூட்டம் நடத்துவதை 1741ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதனால் ஹௌகே பன்முறை சிறைப்பட்டார். 1804இல் தொடங்கிய சிறைவாசம் 1811 வரை நீண்டது. இடையே 1809இல், பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையால் உப்புக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. உடனே அதே அரசு, உப்பாலைகள் அமைக்க அவரை வெளியே அனுப்பியது. பணி முடிந்ததும் மீண்டும் சிறை! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. அவ்வரசோ அதனை அறியவில்லை.

1814இல் தண்டனை அபராதமாகக் குறைக்கப்பட்டது. சிறையில் உடல் நலிந்த அவர் 1824இல் மறைந்தார். தம்மைத் துன்புறுத்திய திருச்சபையை விட்டு விலகவேண்டாம் என்றே தம் அன்பர்களுக்கு எழுதிவைத்தார். அச்சட்டம் 1842இல் நீக்கப்பட்டது. நேயர்களே, சினம் கொள்ளாது உறுதியாய் நின்ற ஓர் உழவர்க்குச் சட்டமும் ஒருநாள் வழிவிட்டது.