ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி தொற்றும் வயிற்றுப்போக்கும்

சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி தொற்றும் வயிற்றுப்போக்கும் நெருங்கிய தொடர்புடையவை. எச்.ஐ.வி உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கிறது. தூய்மையற்ற குடிநீரும் கழிப்பிட வசதிக் குறைவும் கிருமிகளைக் குடலுக்குக் கொண்டுசேர்க்கின்றன. இவ்விரண்டும் ஒரே வீட்டில் சேரும்போது, சில நாட்களில் நிற்க வேண்டிய வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்து உயிருக்கு ஆபத்தாகிறது.

வரலாறு

1980களின் தொடக்கத்தில் உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில், விக்டோரியா ஏரியை ஒட்டிய ஊர்களில், பலர் தொடர் வயிற்றுப்போக்கால் உடல் மெலிந்து இறந்தனர். அங்குள்ள மக்கள் இதனை 'சிலிம்', அதாவது மெலிவு நோய், என்று அழைத்தனர். பின்னர் எச்.ஐ.வி எனப் பெயர் பெற்ற வைரசுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1985இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை எடுத்துக்காட்டியது.

அதே ஆண்டு மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகரான பாங்கியில், இரத்தப் பரிசோதனை வசதி இல்லாத இடங்களுக்காக எய்ட்ஸ் நோய்க்கு ஒரு வரையறை வகுக்கப்பட்டது. உடல் எடை பத்தில் ஒரு பங்கு குறைதல், ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சல் ஆகியன அதன் முதன்மை அறிகுறிகள். இவை வறுமையாலும் வரக்கூடியவை என்பதால், ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் என்பது வறுமைக்கு இட்ட வேறு பெயரே என்று சிலர் வாதிட்டனர். இரத்தப் பரிசோதனை பரவலானபின் அவ்வாதம் நிலைக்கவில்லை. ஒரே ஊரில், ஒரே சூழலில் வாழ்ந்தவர்களுள் தொற்றுள்ளவர்களே பல மடங்கு அதிகமாக இறந்தனர்.

காரணங்கள்

நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பகுதி குடற்சுவரில் உள்ளது. தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே எச்.ஐ.வி அங்குள்ள சிடி4 செல்களைப் பெருமளவில் அழிக்கிறது. குடற்சுவர் பழுதடைவதால் உணவின் சத்தும் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. இந்நிலையில் பின்வரும் கிருமிகள் எளிதில் தாக்குகின்றன.

• கிரிப்டோஸ்போரிடியம்: நீர்வழிப் பரவும் ஒட்டுண்ணி. நலமானவரிடம் ஓரிரு வாரங்களில் தானே நீங்கும். எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவரிடம் மாதக்கணக்கில் நீடிக்கும். குளோரினுக்கு எளிதில் அழியாது. நீரைக் கொதிக்கவைத்தால் அழியும்.
• சிஸ்டோஐசோஸ்போரா: இதுவும் ஒட்டுண்ணியே. கோட்ரைமாக்சசோல் மருந்துக்குக் கட்டுப்படும்.
• சால்மோனெல்லா: டைபாய்டு அல்லாத வகைகள்கூட இரத்தத்தில் கலந்து உயிரிழப்பை ஏற்படுத்தலாம்.

போட்சுவானா தந்த பாடம்

எச்.ஐ.வி தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குப் பரவும். எனவே போட்சுவானா அரசு, தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குப் பால்மாவை இலவசமாக வழங்கியது. 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெய்த கனமழையால் வெள்ளம் ஏற்பட்டு, குடிநீர் மாசடைந்தது. தொடர்ந்து பரவிய வயிற்றுப்போக்கில் ஐந்து வயதுக்குட்பட்ட 500க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கைக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள் என்பது ஆய்வில் தெரிந்தது. அவர்களில் பலருக்கு எச்.ஐ.வி தொற்று இல்லை. ஒரு நோயிலிருந்து காக்கக் கொடுத்த பாலே, அசுத்த நீரில் கரைக்கப்பட்டபோது மற்றொரு நோய்க்கு வழியாயிற்று.

2010இல் உலக சுகாதார அமைப்பு தன் வழிகாட்டுதலை மாற்றியது. தாயோ குழந்தையோ வைரஸ் எதிர்ப்பு மருந்து பெற்றுக்கொண்டே தாய்ப்பாலைத் தொடரலாம். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்பது அதன் சாரம்.

தடுப்பும் சிகிச்சையும்

வைரஸ் எதிர்ப்புக் கூட்டு மருந்துகளே அடிப்படைச் சிகிச்சையாகும். சிடி4 செல்கள் பெருகும்போது நாட்பட்ட வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் அடங்கும்.

விலை மலிவான கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் பயனுள்ளது. சாம்பியாவில் எச்.ஐ.வி தொற்றுள்ள குழந்தைகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், இம்மருந்து இறப்பை 43 விழுக்காடு குறைத்தது. உகாண்டாவின் டொரோரோ பகுதியில், குறுகிய வாயுள்ள மூடிய குடமும் குளோரின் கரைசலும் கொடுக்கப்பட்ட வீடுகளில், தொற்றுள்ளவர்களின் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது.

உப்பு–சர்க்கரைக் கரைசல், குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை, சோப்பிட்டுக் கை கழுவுதல் ஆகியன இங்கும் இன்றியமையாதவை. எச்.ஐ.வி தொற்றுள்ளவருக்கு மருந்துடன் தூய குடிநீரும் கிடைத்தாக வேண்டும் என்பதே இவ்வனுபவங்கள் காட்டும் உண்மை.