தொடக்கக் கட்டளையும் அதன் பொறுப்பும்: ஜாவா வலைச் சேவையகம் பற்றிய ஒரு நோக்கு

நிரலொன்றின் மூலவடிவை மாற்றாது, அது இயங்கத் தொடங்கும் வேளையிலேயே அதன் போக்கினை வரையறுத்தல் கணனித்துறையில் நெடுங்காலமாக நிலவிவரும் முறையாகும். கட்டளை வரியில் நிரலின் பெயரை அடுத்து எழுதப்படும் சொற்களே இதற்குரிய கருவிகளாகும். அவற்றை நாம் இங்கு தொடக்கக் குறிப்புகள் என வழங்குவோம். 2022 மார்ச்சில் வெளிவந்த ஜாவா 18 ஆம் பதிப்புடன் சேர்க்கப்பட்ட ஜேவெப்சேர்வர் என்னும் சிறிய வலைச் சேவையகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

குறிப்பு எதுவுமின்றி ஏவின், இச்சேவையகம் அவ்வேளை நாம் நிற்கும் கோப்புறையை 127.0.0.1 என்னும் முகவரியில், 8000 என்னும் துறை எண்ணில் வழங்கும். துறை எண், கோப்புறை, முகவரி ஆகிய மூன்றையும் தொடக்கக் குறிப்புகளால் மாற்றலாம். சிறு கோடும் ஓரெழுத்தும் இன்ன குறிப்பு என்பதை உணர்த்த, அடுத்துவரும் சொல் அதன் மதிப்பைத் தரும்.

இக்குறிப்புகள் எவ்வாறு நிரலைச் சென்றடைகின்றன? ஜாவா நிரலின் வாயிலாக அமைவது மெயின் என்னும் செயன்முறை. குறிப்புகள் யாவும் எழுத்துச்சரங்களின் வரிசையாக அதனிடம் ஒப்படைக்கப்படும். 9000 என நாம் எழுதுவதும் முதலிற் சரமே; அதனை எண்ணாக மாற்றுவது நிரலின் கடமை. எண்ணாக மாற்றவியலாத சொல்லை அவ்விடத்துக் கொடுப்பின், சேவையகம் பிழையை அறிவித்துத் தொடங்காது நின்றுவிடும்.

வரிசை முறையும் ஈண்டுக் கவனிக்கத் தக்கது. ஜாவா என்னும் கட்டளையால் நிரலை நேரே ஏவும்போது, நிரற்பெயருக்கு முன்வருபவை ஜாவா மெய்நிகர் இயந்திரத்துக்கு உரியவை. பின்வருபவை நிரலுக்கு உரியவை. நினைவகத்தின் உச்ச எல்லையைக் கூறும் குறிப்பைப் பின்னே எழுதின் இயந்திரம் அதனைப் பொருட்படுத்தாது.

முகவரியை மாற்றுவதிலேயே பெரும் பொறுப்பு அடங்கியுள்ளது. 127.0.0.1 என்பது அக்கணனிக்குள் மட்டும் அடங்கும் முகவரி. அதனை 0.0.0.0 என மாற்றின், அக்கணனியின் வலையிணைப்புகள் அனைத்தினூடாகவும் கோப்புறை திறந்துவிடப்படும். இச்சேவையகத்தில் அடையாளச் சோதனையும் இல்லை, மறையாக்கமும் இல்லை. எனவே, ஆய்வுகூட வலையமைப்பில் ஒருவர் இவ்வாறு ஏவின், இடையே தடைச்சுவர் இல்லாதவிடத்து, அக்கோப்புறையிலுள்ள புள்ளிப் பட்டியலையோ வெளிவராத வினாத்தாளையோ பிறர் படித்தல் கூடும்.

இன்னுமொன்று: லினக்ஸ் கணனிகளில், வேறு ஏற்பாடு செய்யப்படாதவிடத்து, ஒருவர் கொடுத்த தொடக்கக் குறிப்புகளை அதே கணனியின் பிற பயனர்களும் காணலாம். ஆதலின், எந்த நிரலுக்காயினும் கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதுதல் தகாது.

யாதும் கூறாவிடத்து அடங்கியிருப்பதும், வெளிப்படையாகப் பணித்தவிடத்தே திறப்பதும் இச்சேவையக அமைப்பின் சிறப்பெனலாம். அப்பணிப்பை எழுதுவோர் அதன் பொருளுணர்ந்து எழுதல் வேண்டும் என்பதே எமது துணிபு.