ஒரே படத்துக்கு மூன்று கிளிக் எதற்கு?



நம் கூட்டமைப்பின் கோரைப்பாய் குழு, தங்கள் பாய்களைப் படம் பிடித்து ஒரு சிறு விலைப்பட்டியல் புத்தகம் அச்சடிக்க முடிவு செய்தது. வெளியூர் கடைக்காரர்களிடம் கொடுத்து ஆர்டர் வாங்கத்தான். தீர்மான நோட்டிலும் எழுதியாகிவிட்டது. காசை மிச்சம் பிடிக்கலாம் என்று முதலில் ஊக்குநரின் செல்போனிலேயே நெசவுக்கூடத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள்.

படத்தில் ஜன்னலுக்கு வெளியே இருந்த தென்னந்தோப்பு பளிச்சென்று விழுந்திருந்தது. ஆனால் ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து நெய்த இரண்டு பேரும் கரிக்கட்டை மாதிரி இருந்தார்கள். பாயும் தெரியவில்லை, தறியும் தெரியவில்லை. குழுவிலேயே மூத்தவரான ஒரு பெரியம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருஷமா பாய் நெய்யிறேன். என் பின்னாடி இருக்கிற தென்னைமரம் தெரியுது. நான் தெரியலயே!"

பிறகு டவுனில் இருந்து தொழில்முறை போட்டோகிராபர் ஒருவரை வரவழைத்தோம். அந்தத் தம்பி கேமராவை முக்காலியில் மாட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் "ஆடாம இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, டக் டக் டக் என்று மூன்று முறை அடித்தார். நமக்குப் பொறுக்குமா?

"என்ன தம்பி, ஒரே படத்தை மூணு தரம் எடுக்கிற? மூணுக்கும் பில்லு போடுவியா?"

"பில்லு ஒண்ணுக்குத்தான்க்கா. ஆனா மூணு எடுத்தாத்தான் அந்த ஒண்ணு வரும்."

இந்த முறைக்கு ஹை டைனமிக் ரேஞ்ச் என்று பெயர். சுருக்கமாக எச்.டி.ஆர். என்பார்கள். வெளிச்சமும் இருட்டும் கலந்த இடத்தில், இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவரும் வழி இது. அன்று அவர் சொன்னதையும், பிறகு நாங்கள் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறோம்.

கண்ணுக்குத் தெரிவது கேமராவுக்கு ஏன் தெரியவில்லை?

உச்சி வெயிலில் வெளிச்சத்தின் அளவு ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அளவு. நம் வீட்டுக்குள் பகலிலும் பல மூலைகளில் 100 லக்ஸ்தான் இருக்கும். அதாவது வெளியே ஆயிரம் மடங்கு அதிகம்.

நாம் வெயிலில் இருந்து வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். கூடத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தால் தோப்பு தெரியும், திரும்பிப் பாயைப் பார்த்தால் பாய் தெரியும். கண் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகப் பார்த்து, அதற்கு ஏற்ப தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மூளை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே காட்சியாக நமக்குக் காட்டுகிறது.

கேமராவுக்கு அந்த வசதி இல்லை. ஒரு கிளிக்குக்கு ஒரே அளவுதான். ஜன்னலுக்கு ஏற்ற அளவை வைத்தால் முகம் இருண்டுவிடும். முகத்துக்கு ஏற்ற அளவை வைத்தால் ஜன்னல் வெள்ளைத்தாள் ஆகிவிடும். அதனால் படத்தில் முகம் கறுத்து விழுந்தால், "நான் கறுப்பு, எனக்குப் படம் நல்லா வராது" என்று யாரும் ஒதுங்க வேண்டாம். அது நம் நிறத்தின் குறை இல்லை. வைத்த அளவின் குறை.

மழைத்தண்ணீர் கணக்கு

கேமராவுக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. பெரிய கேமராவில் அது தபால் தலை அளவு இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன. 20 மெகாபிக்சல் கேமரா என்றால் 2 கோடி கிண்ணங்கள்.

மழைக்கு முற்றம் முழுக்கப் பாத்திரம் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் உள்ள பாத்திரம் சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடும். வழிந்த பிறகு அங்கே எவ்வளவு மழை விழுந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. மூலையில் தூறல் விழும் பாத்திரத்தில் அடி மட்டும் நனைந்திருக்கும். அதில் இருப்பது மழையா, தெறித்த துளியா என்றே தெரியாது.

படத்தில் நிரம்பி வழிந்த இடம்தான் வெறும் வெள்ளை. அங்கே மேகமும் இருக்காது, தென்னை ஓலையும் இருக்காது. அடி மட்டும் நனைந்த இடம்தான் கறுப்பு. அதைப் பிறகு கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கினால் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக வரும்.

இதற்கு வழி என்ன? கொட்டுகிற இடத்தில் பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் வைக்க வேண்டும். தூறுகிற இடத்தில் நிறைய நேரம் வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் வைத்தோம் என்பது தெரிந்தால், எங்கே எவ்வளவு மழை என்று சரியாகக் கணக்குப் போட்டுவிடலாம். எச்.டி.ஆர். படத்தின் அடிப்படையே இந்தக் கணக்குதான்.

மூன்று படங்களும் எப்படி எடுக்கப்படுகின்றன?

நம் நெசவுக்கூடத்தில் நடந்ததையே சொல்கிறோம்.

முதல் படம்: கேமராவின் கதவு ஒரு விநாடியில் 60-ல் ஒரு பங்கு நேரம் திறந்தது. இது நடுத்தர அளவு.

இரண்டாவது படம்: 250-ல் ஒரு பங்கு நேரம். வெளிச்சம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் உள்ளே போகும். இதில் தோப்பும் வானமும் தெளிவாக விழுந்தன. உள்ளே எல்லாம் இருட்டு.

மூன்றாவது படம்: 15-ல் ஒரு பங்கு நேரம். நான்கு மடங்கு வெளிச்சம். இதில் முகம், கை, கோரையின் இழை எல்லாம் தெரிந்தன. ஜன்னல் வெறும் வெள்ளை.

மூன்றிலும் நேரம் மட்டும்தான் மாற வேண்டும். கேமரா நகரக்கூடாது. அதற்குத்தான் முக்காலி. 15-ல் ஒரு பங்கு நேரம் என்பது கை நடுக்கம் படத்தில் விழுந்துவிடக்கூடிய அளவு. படத்தில் இருப்பவர்களும் அசையக்கூடாது. ஒருவர் கோரையைக் கோர்த்துக் கொடுக்க இன்னொருவர் அச்சுக்கட்டையால் அடித்து நெருக்கிக்கொண்டிருந்தபோது எடுத்த படத்தில், ஒரே ஆளுக்கு மூன்று கை வந்துவிட்டது! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்படி அசையும் இடத்துக்கு மட்டும், மூன்றில் ஏதாவது ஒரு படத்தில் இருந்து கையை எடுத்து வைத்துக்கொள்வார்களாம்.

அப்புறம் கம்ப்யூட்டர் வேலை. எந்தப் படத்தில் எந்த இடம் நன்றாக விழுந்திருக்கிறது என்று பார்த்து, மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அச்சடிக்கும் தாளில் பளிச்சென்ற வெள்ளைக்கும் கருகருப்புக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய நூறு மடங்குதான். ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை அதற்குள் அடக்க வேண்டும். எதைச் சுருக்குவது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்துச் செய்வதில்தான் தொழில் தெரிந்தவரின் கைப்பக்குவம் இருக்கிறது. நம் ஒரு படத்துக்கு அந்தத் தம்பி அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தார். எனவே, "பட்டனைத் தானே அமுக்கினார், இதற்கு இவ்வளவு காசா" என்று கேட்பதற்கு முன் இந்த வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் பாய்க்கு யாராவது அப்படி விலை பேசினால் நமக்குக் கோபம் வராதா?

இது நேற்று வந்த வித்தை இல்லை

கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே இதற்கு ஒருவர் வழி கண்டிருக்கிறார். அவர் பிரான்சு நாட்டுப் போட்டோகிராபர் குஸ்தாவ் லெ கிரே. அவர் காலத்தில் படம் எடுக்கப் பயன்பட்ட கண்ணாடித் தகட்டில் நீல வானம் மிகச் சீக்கிரம் பதிந்துவிடும். கடலுக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் வானம் வெளுத்துப்போகும். 1857-ல் தெற்குப் பிரான்சில் உள்ள செத் என்ற துறைமுக ஊரில் அவர் பெரிய அலை ஒன்றைப் படமாக்கினார். கடலுக்கு ஒரு தகடு, மேகத்துக்கு ஒரு தகடு. இரண்டையும் கடலும் வானமும் சேரும் கோட்டில் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். அலையும் மேகமும் சேர்ந்து தெரியும் அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது.

கம்ப்யூட்டரில் இதைக் கணக்காகச் செய்துகாட்டியவர்கள் பலர். அதில் முக்கியமானது 1997-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு. மாலிக் இந்தியாவில் பிறந்தவர். ஒரு தேவாலயத்தின் உள்பக்கத்தை 16 படங்களாக எடுத்து அதில் காட்டியிருந்தார்கள். ஒரு படத்துக்கு 30 விநாடி, அடுத்ததற்கு அதில் பாதி, அதற்கு அடுத்ததற்கு அதிலும் பாதி என்று குறைத்து, கடைசிப் படத்துக்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெயில் படும் வண்ணக் கண்ணாடி ஜன்னலும், இருட்டு மூலையும் ஒரே கணக்குக்குள் வந்தன. 2005-ல் போட்டோஷாப்பில் இந்த வசதி வந்தது. 2010-ல் ஐபோனில் வந்தது. இப்போது சாதாரண செல்போன்கள் பலவற்றிலும் இருக்கிறது.

அளவுக்கு மிஞ்சினால்

படங்களைச் சேர்த்து முடித்து முதலில் காட்டியபோது எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பெரியம்மாவின் முகம், விரல், மூக்குத்தி வரை தெரிந்தது. பின்னால் தோப்பும் இருந்தது. ஆனால் குழுவின் செயலாளர் மட்டும் படத்தையும் பாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"தம்பி, இந்தச் சிவப்பு எங்க சாயத்துல வராதுப்பா. படத்துல குங்குமம் மாதிரி இருக்கு. நம்ம பாய் செங்கல் நிறம்."

முன்பு ஒரு முறை, படத்தில் இருந்த நிறம் கையில் இல்லை என்று சொல்லி ஒரு கடைக்காரர் பத்துப் பாயைத் திருப்பி அனுப்பியிருந்தார். போக்குவரத்துச் செலவு குழுவின் தலையில்தான் விழுந்தது. அந்த அனுபவம் பேசியது. தம்பியும் தப்பை ஒத்துக்கொண்டு, பாயைப் பக்கத்தில் விரித்து வைத்து நிறத்தைக் குறைத்துக் கொடுத்தார்.

எச்.டி.ஆர். அளவு மீறினால் வேறு கோளாறுகளும் வரும். தலையைச் சுற்றியும் கூரை ஓரத்திலும் வெள்ளை வளையம் விழும். வானம் இடி மழைக்கு முந்திய வானம் மாதிரி ஆகிவிடும். முகத்துச் சுருக்கம் எல்லாம் கோடு போட்டதுபோலத் தெரியும். இருட்டில் மறைந்ததைக் காட்டுவதுதான் இதன் வேலை. இல்லாததைச் சேர்த்தால் வாங்குகிறவரை ஏமாற்றியதாகிவிடும்.

நம் செல்போனில் செய்து பார்க்க

1. கேமராவைத் திறந்து அமைப்புகளில் எச்.டி.ஆர். என்று இருக்கிறதா என்று பாருங்கள். பல போன்களில் அது தானாகவே வேலை செய்யும்.

2. படம் எடுக்கும்போது முழங்கையை உடம்போடு ஒட்டி வையுங்கள். தூணிலோ மேசையிலோ சாய்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. அமுக்கியவுடனே போனை இறக்காதீர்கள்.

3. திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். முகத்துக்கு ஏற்ப வெளிச்சம் மாறும்.

4. கும்மி, கோலாட்டம், ஓடும் குழந்தை போன்றவற்றுக்கு எச்.டி.ஆர். சில சமயம் காலை வாரிவிடும். அணைத்துவிட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. முடிந்தால் ஆட்களையே இடம் மாற்றுங்கள். வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்காமல், வாசலைப் பார்த்து நின்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதற்குக் காசும் இல்லை, கருவியும் வேண்டாம்.

போட்டோகிராபரை அழைக்கும் முன்

• விற்பனைக்கான படம், உண்மை நிறம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

• எத்தனை படம், கம்ப்யூட்டர் வேலை சேர்த்து எவ்வளவு தொகை என்று பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

• அச்சுக்கு அனுப்பும் முன் பொருளைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் மட்டும் பார்க்காமல் நாலு பேர் பாருங்கள்.

• சேர்ப்பதற்கு முந்திய படங்களையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் உதவும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். பிறகு ஜன்னல் பக்கம் ஓர் உறுப்பினரை உட்காரவைத்து, எச்.டி.ஆர். போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என இரண்டு படம் எடுத்துப் பாருங்கள். எதில் உங்கள் தோழியின் முகம் அவர் முகமாகவே தெரிகிறது என்று எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.