கொலஸ்ட்ரால் ஊசி: வீட்டுக்கு வந்த பிறகு

மாத்திரைக்கு மசியாத கொழுப்பைப் பாதிக்கும் கீழே இறக்குகிறது இந்த மருந்து. அதைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் நோயாளியின் வீட்டில்.

நாக்பூரில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. மதியம் போன மின்சாரம் ராத்திரி வந்தால் ஃபிரிட்ஜில் இருக்கும் பால் திரிந்துபோகும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் இருக்கும் கொலஸ்ட்ரால் ஊசிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் தெரியாது. நிறம் மாறாமல், வாடை எதுவும் வராமல் அது வீரியத்தை இழந்திருக்கலாம். அதைப் போட்டுக்கொண்டவர் தான் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

எவோலோகுமாப், அலிரோகுமாப் என்ற இரண்டு ஊசி மருந்துகள் 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இந்த வகை மருந்துகளை இந்தியாவிலும் இதய நோய் டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். இன்சுலின் மாதிரி தோலுக்கு அடியில், நோயாளி தானே போட்டுக்கொள்ளலாம். ஒரே வித்தியாசம், தினமும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

மருந்து பிறந்த கதை சுவாரசியமானது. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. ரயில்வே போர்ட்டர் போல, ஒரு மூட்டையை இறக்கிவிட்டு அடுத்த மூட்டைக்குத் திரும்பி வரும். பிசிஎஸ்கே9 என்ற புரதம் வந்து ஒட்டிக்கொண்டால் மூட்டையோடு போர்ட்டரும் காலி. இந்தப் புரதத்தின் மரபணுக் கோளாறுதான் சில பிரெஞ்சுக் குடும்பங்களில் கொலஸ்ட்ராலை எக்கச்சக்கமாக ஏற்றுகிறது என்று பாரிஸ், மான்ட்ரியால் ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் கண்டுபிடித்தார்கள். டல்லஸைச் சேர்ந்த ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹெனும் இதற்கு நேர் எதிரானவர்களைக் கண்டார்கள். பிறவியிலேயே இந்தப் புரதம் சரியாக வேலை செய்யாத அமெரிக்கக் கறுப்பினத்தவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு. இதய நோயோ 88 சதவீதம் குறைவு. இது வெளியானது 2006-ல். புரதத்தை மடக்கும் மருந்து ஒன்பதே வருடத்தில் கடைக்கு வந்துவிட்டது.

பலன்? 2017-ல் வெளியான ஃபூரியே ஆய்வில் 27,564 பேர். எல்லோரும் ஏற்கெனவே ஸ்டாடின் மாத்திரை சாப்பிட்டவர்கள். எவோலோகுமாப் அவர்களுடைய எல்டிஎல்லை 92-லிருந்து 30-க்கு இறக்கியது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் மொத்தமாக 15 சதவீதம் குறைந்தன. இதய நோய் மரணங்கள் மட்டும் அந்த இரண்டு வருடச் சொச்சத்தில் குறையவில்லை. அதிசய மருந்து என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

யாருக்கு இது தேவை? ஒரு தடவை மாரடைப்பு வந்து, முழு அளவு ஸ்டாடினும் எசெடிமைபும் சாப்பிட்டும் எல்டிஎல் இறங்காதவர்களுக்கு. பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு. ஸ்டாடின் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. மிக அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று இந்திய இதய நோய் மருத்துவர் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. பலருக்கு மாத்திரையாலேயே அங்கே போய்ச் சேர முடியும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்டிஎல் ஏறும். அதைச் சோதிக்காமல் விலை உயர்ந்த ஊசிக்குத் தாவுவதில் அர்த்தமில்லை.

ஊசி வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. இது கணக்குத் தெரியாத காரியம். ஸ்டாடின் போர்ட்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. கூடவே பிசிஎஸ்கே9-ஐயும் கூட்டிவிடுகிறது. அதனால்தான் மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கினாலும் எல்டிஎல் மேற்கொண்டு 6 சதவீதம்தான் குறைகிறது. ஊசி அந்தப் புரதத்தை மடக்கும்போது மாத்திரைக்கும் சேர்த்துப் பலம் வருகிறது. டாக்டர் நிறுத்தச் சொன்னால் ஒழிய மாத்திரை தொடர வேண்டும்.

இன்னொரு தப்பு, விலையால் வருவது. அமெரிக்காவிலேயே வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல் விலை வைத்து, பிறகு 2018-ல் 5,850 டாலருக்கு இறக்க வேண்டிவந்தது. இந்தியாவில் பெரும்பாலும் கைக்காசுதான். இரண்டு வாரத்துக்கு ஒன்று போட வேண்டியதை மாதத்துக்கு ஒன்றாக இழுத்தடிக்கலாமா என்று தோன்றுவது இயல்பே. எவோலோகுமாபை மாதம் ஒரு தடவை போடும் முறையும் உண்டு. ஆனால் அதற்கு அளவு 420 மில்லிகிராம், அதாவது 140 மில்லிகிராம் ஊசிகள் மூன்று. ஒரே ஊசியை மாதம் முழுக்க நீட்டினால் பாதி நாளில் கொலஸ்ட்ரால் பழையபடி ஏற ஆரம்பித்துவிடும். கட்டுப்படியாகாது என்றால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்வது மேல். பெம்பிடோயிக் அமிலம் மாதிரி மாத்திரைகளை அவர் யோசிப்பார்.

இப்போது ஃபிரிட்ஜுக்கு வருவோம். ஊசி இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரியில். கதவுத் தட்டில் வேண்டாம். அடிக்கடி திறந்து மூடுவதில் அங்கே சூடு ஏறி இறங்கும். ஃப்ரீஸருக்குப் பக்கத்திலும் வேண்டாம். உறைந்துபோன மருந்தை உருக்கிப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். வெளியே வைக்க நேர்ந்தால் 25 டிகிரிக்குள், 30 நாள் வரை தாங்கும். எடுத்த தேதியைப் பெட்டியின் மேல் எழுதிவைக்க வேண்டும். டெல்லியிலிருந்து சென்னைக்கு ஏசி பெட்டியில் ஒன்றரை நாள் பிரயாணம் அதற்கு ஒரு பொருட்டல்ல. கோடையில் இரண்டாம் வகுப்பில் போகிறவர் குளிர் பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் மருந்து ஐஸைத் தொடக் கூடாது. கடையில் வாங்கும்போது குளிர்ச்சியாகத்தான் வந்ததா என்று கேட்டு, பேட்ச் நம்பர் போட்ட பில்லையும் வாங்க வேண்டும்.

போடும் நாளில் அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைத்தால் வலி குறையும். வெயிலிலோ வெந்நீரிலோ சூடாக்கக் கூடாது, குலுக்கவும் கூடாது. மருந்து கலங்கியிருந்தாலோ துகள்கள் மிதந்தாலோ வேண்டாம். இடம்: தொடை, அல்லது தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிறு. ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்ற வேண்டும். பேனாவின் ஜன்னல் முழுவதும் மஞ்சளாகும் வரை எடுக்கக் கூடாது. 15, 20 விநாடி பிடிக்கும். அவசரப்பட்டு எடுத்தால் பாதி மருந்து சட்டையில். தேதி தவறிவிட்டால், ஏழு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொண்டு பழைய அட்டவணைக்குத் திரும்பலாம். இரண்டு வார ஊசிக்காரர்களுக்கு அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டும். இரட்டை ஊசி கூடாது.

பக்கவிளைவு என்று பார்த்தால் ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, ஜலதோஷம், முதுகுவலி. மறதி வருமோ என்ற பயம் இருந்தது. 2017-ல் வந்த எபிங்ஹாஸ் ஆய்வு அதற்கு ஆதாரம் இல்லை என்றது. உதடு, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நேராக ஆஸ்பத்திரிக்கு. கர்ப்பிணிகளும் குழந்தை பெறத் திட்டமிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஃபிரிட்ஜ் தொல்லை இல்லாத இன்க்லிசிரான் என்ற மருந்தும் இருக்கிறது. முதல் ஊசி, மூன்று மாதத்தில் இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. போடுவது நர்ஸோ டாக்டரோ. 2020-ல் வெளியான ஆய்வுகளில் எல்டிஎல்லை ஏறக்குறைய பாதியாக்கியது.

தீர்ந்த பேனாவைக் குப்பைத் தொட்டியில் போடுகிறவர்கள், அதைக் கிளறும் கைகளை நினைப்பதில்லை. ஊசி குத்தி வெளியே வராத கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, மருந்து எழுதித் தந்த ஆஸ்பத்திரியில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா என்பதை முதல் ஊசி வாங்கும்போதே கேட்டுவிடலாம்.