அசேலியா வராத மண்ணில் ஒரு வாசப்பூ

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய்த் திரும்பும் எந்தப் பஸ்ஸிலும் கரட், லீக்ஸ் பைகளுக்கு நடுவே இரண்டொரு பூக்கன்றுகளும் இருக்கும். நான் வாங்கியது அசேலியா. மொட்டுகளோடு இருந்த அந்தக் கன்றைச் சீனன்குடா வரை மடியில் வைத்தே கொண்டுவந்தேன். இருந்த மொட்டுகள் விரிந்தன. பிறகு இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகியது. கச்சான் காற்று தொடங்கிய மாதத்தில் செடி விறகாகிவிட்டது. தண்ணீர் காணாது என்றார் உம்மா. தண்ணீர் கூடிப்போனது என்றார் மூத்தம்மா. இரண்டுமே முழுக் காரணமில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

அசேலியா, ரொடோடென்ட்ரன் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்துக்குப் புளிப்புத்தன்மையுள்ள மண் வேண்டும். அமிலகாரப் பெறுமானம் ஏறத்தாழ 4.5 முதல் 6 வரை இருந்தால்தான் அதன் வேர் மண்ணிலுள்ள இரும்பை எடுக்கும். நமது கரையோர மணலிலோ சிப்பித்தூளும் சுண்ணாம்பும் கலந்திருக்கின்றன. இரும்பு மண்ணிலேயே இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது. நரம்பு பச்சை, இலை மஞ்சள் என்பது அந்தப் பட்டினியின் அடையாளம். அதோடு அதன் வேர்கள் தலைமயிர் போல மெல்லியவை, மேல்மண்ணிலேயே படர்பவை. காய்ந்தால் கருகும், நீர் தேங்கினால் அழுகும். பல வகைகளுக்கு மொட்டு ஒழுங்காக விரியக் குளிரும் தேவை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில். நமக்கு 28. ஒரு வேடிக்கை: 'அசேலியா' என்ற பெயரின் கிரேக்க மூலத்துக்குப் பொருள் 'வறண்டது'. தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ், இது வறண்ட நிலத்துச் செடி என்று எண்ணிவிட்டாராம்!

வாசத்துக்காகவே வளர்க்கப்படும் காட்டு அசேலியாக்களில் பல அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமானவை. கடைகளில் நாம் வாங்கும் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாசமே இல்லை. இலங்கைக்கென்று இயற்கையாக உள்ள ஒரே ரொடோடென்ட்ரன், ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மரம். சிங்களத்தில் 'மஹ ரத் மல்'. அதுவும் மலையை விட்டு இறங்காது.

அப்படியானால் நமது வளவில் வாசமாக எதை வைப்பது? என் தெரிவு காட்டுக்கறிவேப்பிலை. சிங்களத்தில் 'எட்டேரியா' என்பார்கள். கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவு, தோடைக் குடும்பம். அதனால்தான் அதன் வெள்ளைப் பூவில் தோடம்பூ வாசம். நமது உலர்வலயக் காடுகளில் தானாகவே வளரும் செடி இது. பளபளக்கும் சிறிய இலை, ஆளுயரத்துக்கு மேல் புதராக நிற்கும், வெட்டிவிட்டால் வேலியாகவும் அடங்கும். காய்ந்து கிடந்த செடி நல்ல மழை ஒன்று பெய்த சில நாட்களில் ஒரேயடியாகப் பூத்துக் கொட்டும். அந்தி நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் போதும்.

காட்டில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டாம். ஒதுக்குக்காட்டில் அது குற்றம். பிடுங்கிய செடி பிழைப்பதும் அரிது. பழுத்துச் சிவந்த பழத்தின் சதையைக் கழுவி, விதையை அன்றே ஊன்றுங்கள். விதை காய்ந்தால் முளைக்கும் திறன் விரைவில் போய்விடும். தடி நட்டால் எளிதில் வேர் பிடிக்காது.

கன்றை நிலத்தில் வைக்கும் காலம் ஒக்டோபர். வடகீழ்ப் பருவமழை ஜனவரி வரை நமக்காகத் தண்ணீர் ஊற்றும். மே மாதத்துக் கச்சானுக்கு முன் வேர் ஆழமாகிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. கச்சான் தென்மேற்கிலிருந்து வருவதால் வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் நல்லது. சுவர் காற்றைத் தடுக்கும். ஒன்றரை அடிக் குழி வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சை உட்புறம் மேலே பார்க்க அடுக்கி, மேலே மாட்டெருவும் இலைக்குப்பையும் கலந்த மண்ணை நிரப்புங்கள். மணல் தண்ணீரைப் பிடித்துவைக்காது, பொச்சுப் பிடித்துவைக்கும்.

கோடையில் கிணறு இறங்கும்போது பூச்செடிக்கு வாளி தூக்குவது யார் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். நாங்கள் செய்தது இதுதான்: வுழூச் செய்யும் இடத்திலிருந்து சிறு வாய்க்கால் இழுத்துச் செடியின் அடியில் விட்டோம். சவர்க்காரம் கலக்காத தண்ணீர், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. உம்மாவுக்கு வாளி மிச்சம். ஆனால் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் காட்டுக்கறிவேப்பிலை சுணங்கும். அந்த வளவுக்கு மகிழ் அல்லது புன்னை பொருத்தம். மகிழ் பொறுமையைச் சோதிக்கும், பூக்கப் பல வருடமாகும். உதிர்ந்த பூ காய்ந்த பிறகும் வாசம் போகாது என்பதால் காத்திருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. தேசி, தோடை மரங்களுக்குப் பக்கத்தில் காட்டுக்கறிவேப்பிலையை வைக்காதீர்கள். அந்த மரங்களை வாட்டும் பக்டீரியா நோயைக் காவும் சிறிய சாறுறிஞ்சிப் பூச்சிக்கு இதன் தளிர் மிகவும் பிடிக்கும். தேசிமரம் உள்ள சிறிய வளவென்றால் மகிழையே வையுங்கள். கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழுக்களும் இலையைத் தின்ன வரும். அவற்றை நான் விட்டுவிடுகிறேன். செடி மீண்டும் தளிர்க்கும்.

கத்தரிப்பதைப் பூ முடிந்த கையோடு செய்யவேண்டும். எங்கள் செடியில் இப்போது பழம் சிவந்திருக்கிறது. குருவிகள் மிச்சம் வைத்தால் விதை கேட்பவர்களுக்கு வகுப்புக்கே கொண்டுவருகிறேன்.